மணி மீது விழுந்த பழி

எங்கள் ஃப்ளாட்டில் நிரந்தர உறுப்பினர் ஒருவர் உண்டு. மெயின்டனன்ஸ் கட்டமாட்டார். அசோசியேஷன் கூட்டத்துக்கு வரமாட்டார். பெயர் மணி. கறுப்பு நிறம். ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். நாய்தான்.

என் மாருதி 800-ன் இடது பின் சக்கரத்தருகே தரையில் ஒரு ஈரம் தென்பட ஆரம்பித்தபோது, நான் விசாரணையே நடத்தாமல் தீர்ப்பு எழுதினேன். குற்றவாளி மணி. நாய்க்கும் கார் டயருக்கும் உள்ள தொன்றுதொட்ட உறவு நாடறிந்தது. தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, மணியை நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆபீஸ் போவேன். அதுவும் மடங்காத காதை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும். இப்படி மூன்று வாரம்.

ஒரு வியாழக்கிழமை காலை செக்ரட்டரி மாமா என்னைக் கூப்பிட்டார்.

''சார், உங்க ஸ்லாட் நம்பர் என்ன?''

''பன்னிரண்டு.''

''தரையில பாருங்கோ. ஒண்ணுதான் இருக்கு. ரெண்டைக் காணோம்.''

குனிந்து பார்த்தேன். போன தீபாவளிக்கு முன்னால் மஞ்சள் எனாமல் பெயின்ட்டில் எழுதிய '12'-ல், ஒன்று கம்பீரமாக நின்றது. இரண்டு தோல் உரிந்து, சுருண்டு, பாதி கரைந்திருந்தது.

''நாய் மூத்திரத்துக்குப் பெயின்ட் கரையுமா?'' என்று கேட்டார் மாமா. நல்ல கேள்வி. எனக்குத்தான் மூன்று வாரமாகத் தோன்றவில்லை.

என் மனைவி கீழே வந்தாள். ஒரு பழைய துணியால் ஈரத்தைத் தொட்டாள். விரலில் தேய்த்தாள். ''வழவழன்னு இருக்குங்க. தண்ணி இல்ல. எண்ணெய் மாதிரியும் இல்ல'' என்றாள். டயரின் உள்பக்கத்தைக் காட்டினாள். அங்கேயிருந்து ஒரு கறுத்த கோடு வழிந்து தரைக்கு வந்திருந்தது.

பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் 'மினிமம்' கோட்டுக்கும் கீழே போயிருந்தது. போன மாதம்தான் ஊற்றினேன். அதற்கு இரண்டு மாதம் முன்னாலும் ஊற்றினேன். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, 'குறைந்தால் ஊற்றவேண்டியதுதானே' என்ற தெளிந்த மனதோடு ஊற்றினேன்.

மணி கொஞ்சம் தள்ளிப் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

*

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கார் அப்போது பாதி என்னுடையது இல்லை.

2003 மாடல். இருபது வருஷம் ஓடி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் இரண்டு முறை ஆர்.சி. புதுப்பித்துக்கொண்டு, இன்னும் ஒரு சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகிற வண்டி. என் செக்‌ஷனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மாமனார் வீடு செங்கல்பட்டில். பைக்கில் மூன்று பேரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போவது பயமாக இருக்கிறது என்பார். பேசி முடித்தோம். 55,000 ரூபாய். 5,000 அட்வான்ஸ். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

பேசி முடித்த அன்று கேண்டீனில் தம்பி கேட்ட ஒரே டெக்னிக்கல் கேள்வி, ''பிரேக் எப்படி சார்?''

நான் சொன்ன ஒரே பதில், ''ஃபர்ஸ்ட் கிளாஸ்!''

அது பொய் இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, துணியில் பிசுபிசுப்போடு நின்றபோது, அதே பதில் பொய்யாக மாறியிருந்தது. வாயைத் திறக்காமலேயே ஒருவன் பொய்யனாக முடியும் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாடி வீட்டு நண்பரிடம் யோசனை கேட்டேன். அவர் இதுவரை ஏழு கார் வாங்கி ஏழையும் விற்றவர். அனுபவஸ்தர்.

''ஐயோ, இதுக்கா முழிக்கறீங்க? விற்கப்போற வண்டிக்கு யாராவது செலவு பண்ணுவாங்களா? டப்பாவை நிரப்புங்க. டயரைத் துடைங்க. சனிக்கிழமை ராத்திரி வண்டியைத் தெருவுல நிறுத்துங்க, தரையில கறை தெரியாது. பழைய வண்டின்னா நாலு இருக்கத்தான் இருக்கும். வாங்கறவன் பார்த்து வாங்கணும். அதுதான் லோகம்.''

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் ஒரு பழைய பனியனும் போதும். மொத்தச் செலவு நூற்றைம்பது ரூபாய்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

''அந்தத் தம்பியோட பொண்ணு பின்சீட்லதானே உக்காரும்?''

எனக்கு ரசம் தொண்டையில் நின்றது.

வெள்ளிக்கிழமைக்கு லீவ் லெட்டர் எழுதினேன். காரணம்: உடல்நலக் குறைவு. யாருடைய உடல் என்று எழுதவில்லை.

*

ஆதம்பாக்கத்தில் பாய் ஒருவர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர். மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். பத்து கிலோமீட்டர் வேகத்தில், முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அங்கே போய்ச் சேர்ந்தேன். (இப்படிப் போகக்கூடாதாம். ''ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே சார்'' என்று பாய் அதற்கும் திட்டினார்.)

''ஆயில் எத்தினி வாட்டி ஊத்தினீங்க?''

''ரெண்டு தடவை பாய்.''

''குறையுதுன்னா எங்க போவுதுன்னு கேக்கத் தோணலியா? இது என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு?''

சரியான அடி. பிரேக் ஆயில் செலவாகிற பொருளே இல்லை. மூடின குழாய்க்குள் இருப்பது. அது குறைந்தால் இரண்டு காரணம்தான். ஒன்று, பிரேக் லைனிங் தேய்ந்து, பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பியிருக்கிறது. அது மெல்ல மெல்லக் குறையும். அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. இரண்டுமே 'ஊற்று' என்று சொல்லவில்லை. 'பார்' என்று சொல்கின்றன.

நாம் காலால் மிதிக்கிற மிதி, சக்கரம் வரை எப்படிப் போகிறது? பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். மூடிய திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும் என்று. எட்டாம் கிளாஸில் படித்திருப்போம். பரீட்சையோடு மறந்திருப்போம். 1917-ல் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் அந்தத் தத்துவத்தை வைத்துக் காருக்கு ஹைட்ராலிக் பிரேக் அமைத்துப் பேட்டன்ட் வாங்கினார். 1921-ல் டியூசன்பெர்க் என்ற கார் நாலு சக்கரத்துக்கும் அந்தப் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இன்றுவரை அடிப்படை அதேதான். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சிலிண்டர். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு குட்டி சிலிண்டர். நடுவே மெல்லிய குழாய். குழாய் நிறைய ஆயில்.

என் வண்டியில் முன்னால் டிஸ்க். பின்னால் டிரம். டிரம்முக்குள்ளே கட்டை விரல் நீளத்தில் ஒரு 'வீல் சிலிண்டர்'. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிஸ்டன். பெடலை மிதித்தால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்து, பிறை வடிவ பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மோடு அழுத்தும். வண்டி நிற்கும். ஆயில் வெளியே வராமல் காப்பது, இரண்டு ரப்பர் கப். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. ஒரு குடும்பமே அதை நம்பித்தான் ஊருக்குப் போகிறது.

*

சக்கரத்தைக் கழற்றினார். டிரம் லேசில் வரவில்லை. இருபது வருஷத் துரு. சுற்றிச் சுற்றித் தட்டி, ஒரு வழியாகப் பெயர்த்தார். ஊதிச் சுத்தம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. ஈரத்துணியால் துடைத்தார்.

''பழைய லைனிங் தூசி நெஞ்சுக்கு ஆகாது சார். எங்க வாத்தியார் வாயால ஊதியே போய்ச் சேர்ந்தாரு.''

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

உள்ளே பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஷூ இரண்டும் ஆயிலில் ஊறி, மழையில் நனைந்த செருப்பு மாதிரி கறுத்திருந்தன. சிலிண்டரின் ரப்பர் உறையை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினார். உள்ளேயிருந்து குபுக்கென்று பழுப்பு நிறத்தில் கொட்டியது.

''பாய், இவ்வளவு ஒழுகியும் எனக்கு வண்டி ஓட்டும்போது ஒண்ணும் தெரியலையே?''

''அதான் சார் பின் பிரேக்கோட திருட்டுத்தனம்.''

அவர் விளக்கியது இது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அது மாதிரி. அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கை முன் சக்கரங்கள் செய்துவிடுகின்றன. பின் பிரேக் ஒன்று படுத்துவிட்டாலும், ஆபீஸுக்கும் வீட்டுக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிகிற நாள் வேறு. மழை பெய்திருக்கும். பின்சீட்டில் ஆள் நிறைய இருப்பார்கள். அறுபதில் போவோம். முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று நிற்கும்.

அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு சுமார் 17 மீட்டர். ஒரு மாநகரப் பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். பிரேக் ஒரு வினாடி யோசித்தால் அவ்வளவு தூரம் போய்விடும். ஆட்டோ அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

''ஒரே ஆறுதல் சார். மாஸ்டர் சிலிண்டர்ல ரெண்டு அறை இருக்கு. ரெண்டு தனித் தனி லைன். ஒரு லைன் காலியானாலும் இன்னொண்ணு பிடிக்கும். பெடல் தரை வரைக்கும் போவும், பாதி பிரேக்தான் இருக்கும். ஆனா ஒரேயடியா கைவிடாது. அந்தப் பாதியில யார் வீட்டு சுவரு வருதோ, அது அவங்க அதிர்ஷ்டம்.''

போன பொங்கலுக்கு இதே வண்டியில்தான் நான், மனைவி, மகள், என் அம்மா நாலு பேரும் காஞ்சிபுரம் போய் வந்தோம். அதைப் பாயிடம் சொல்லவில்லை.

*

இப்போது பேரம். நான் ஆபீஸ் குமாஸ்தா. எதிலும் சிக்கனமான வழி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவன்.

''பாய், ரப்பர் கிட் மட்டும் மாத்தினா போதுமாமே? நூறு ரூபாயில முடியும்னாங்க.''

பாய் பேசாமல் சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டன்களை வெளியே எடுத்தார். புது பிரேக் ஆயிலைத் துணியில் தொட்டு உள்ளே துடைத்தார். என் கையில் கொடுத்தார்.

''சுண்டு விரலை உள்ள விடுங்க. நகத்தால தடவுங்க.''

தடவினேன். கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய உள்சுவரில், நகம் இரண்டு மூன்று இடத்தில் தட்டியது. அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

''இதுல புது ரப்பரைப் போட்டா, கரடுமுரடு தரையில முட்டி போட்டு நடக்கற மாதிரி. ஒரு மாசம் தாங்கும். அப்புறம் கிழியும். உள் பக்கம் வழுவழுன்னு இருந்தா கிட் போடலாம். குழி இருந்தா மொத்த சிலிண்டரும் மாத்தணும். உப்புத்தாள் போட்டுத் தேச்சி ஒப்பேத்தறவனும் இருக்கான். நான் பண்ணமாட்டேன்.''

''குழி எப்படி பாய் வந்தது?''

''தண்ணியால.''

''நான் தண்ணி ஊத்தலையே!''

''நீங்க ஊத்தவேணாம். அதுவே குடிக்கும்.''

இந்தப் பிரேக் ஆயில் உண்மையில் எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகை திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசிகிற மாதிரி. ஈரம் சேரச் சேர இரண்டு தீமை. முதலாவது, கொதிநிலை இறங்கும். 'டாட்-3' என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அதற்கு விதித்திருக்கும் அளவு 140 டிகிரிதான். ஏற்காடு மாதிரி மலையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்குமே தவிர, சக்கரத்தை அழுத்தாது. கால் பஞ்சில் மிதித்த மாதிரி உள்ளே போகும். இரண்டாவது தீமை, சிலிண்டருக்குள் துரு. அதற்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல்கிறார்கள்.

''நீங்க கடைசியா எப்ப மாத்தினீங்க?''

யோசித்தேன். 2020-ல் ஊரடங்கின்போது வண்டி மாதக் கணக்கில் அசையாமல் நின்றது. அதற்கு முன்னால்... அதற்கும் முன்னால்...

''மாத்தினதே இல்ல பாய்.''

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதுதான் அவருடைய அதிகபட்சக் கோபம்.

சரி, வலது பக்கம் காய்ந்துதானே இருக்கிறது, அதை விட்டுவிடலாமே என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். வலது டிரம்மையும் கழற்றி, ரப்பர் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஈரம் மின்னியது.

''ஒரே நாள்ல பொறந்த ரெட்டைப் பசங்க சார். ஒருத்தனுக்கு ஜுரம் வந்தா இன்னொருத்தனுக்கு நாளைக்கு வரும். தவிர ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னு இருந்தா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும்.''

ஆயில் குடித்த ஷூவைப் பற்றி நானே கேட்கவில்லை. பெட்ரோலில் கழுவி நெருப்பில் வாட்டிப் போடுகிறவர்கள் உண்டு என்று பாயே சொன்னார். சொல்லிவிட்டு அந்த ஷூக்களைக் குப்பைத் தொட்டியில் போட்டார். விவாதம் முடிந்தது.

*

ஜி.பி. ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். சென்னையில் கார் வைத்திருக்கிறவனுக்கு அண்ணாசாலை பக்கத்திலிருக்கும் ஜி.பி. ரோடு ஒரு க்ஷேத்திரம். பிரார்த்தனை உள்ளவர்கள்தான் போவார்கள். கடைக்காரர் பழைய சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ''ஒரிஜினலா, லோக்கலா?'' என்றார். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பாதிக்குப் பாதி. ஒரு வினாடி நாக்கு புரண்டது. பின்சீட்டு ஞாபகம் வந்தது. ''ஒரிஜினல்.''

திரும்பி வந்தபோது ஷெட்டில் பக்கத்து மேடையில் பெரிய கார் ஒன்று நின்றிருந்தது. நாலு சக்கரத்திலும் டிஸ்க். அதற்கும் பின் பக்கத்தில் ஒழுகல்தான்.

''பணக்கார வியாதின்னு நெனைச்சிடாதீங்க சார். இதே ஜுரம்தான், பேரு வேற'' என்று பாய் காட்டினார். அங்கே வீல் சிலிண்டருக்குப் பதில் காலிப்பர். கவ்விப் பிடிக்கிற இரும்புக் கை மாதிரி. அதற்குள் ஒரு பிஸ்டன், அதைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரே ஒரு ரப்பர் வளையம். ஆயிலைத் தடுப்பதும் அதுதான். காலை எடுத்ததும் பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுப்பதும் அதுதான். வெளி உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் துருப்பிடிக்கும். வளையம் அறுபடும்.

''இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் மெஷின் காலிப்பருக்குள்ளேயே இருக்கு. பிஸ்டனை நேரா அமுக்கினா உள்ள போவாது. திருகிக்கிட்டே அமுக்கணும். தெரியாத பையன் ஒருத்தன் கிளாம்ப் போட்டு அமுக்கி உள்ள ஒடச்சிட்டான். கிட்டுல முடிய வேண்டியது, முழு காலிப்பர் மாத்தவேண்டியதாப் போச்சு.''

அந்தக் காரின் சொந்தக்காரர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் மாருதி மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

*

புது சிலிண்டர், புது ஷூ எல்லாம் மாட்டியாகிவிட்டது. மிச்சம், 'ஏர் எடுக்கிற' வேலை. குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு. உதவிப் பையன் அன்று லீவ் (அவனுக்கும் உடல்நலக் குறைவாம்). ஆகவே நான் டிரைவர் சீட்டில். பாய் சக்கரத்துக்கு அடியில்.

''அமுக்குங்க... விடுங்க. அமுக்குங்க... விடுங்க. அமுக்குங்க... பிடிங்க! பிடிச்சுக்குங்க! விடாதீங்க!''

பிடித்துக்கொண்டேன். பாய் நிப்பிளை அரைத் திருகு தளர்த்தினார். பெடல் என் காலடியில் அப்படியே தரைக்கு இறங்கியது. நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயில் பாட்டிலுக்குள் முங்கியிருந்தது. அதில் சோடா மாதிரி குமிழி வந்தது.

''காலை எடுக்காதீங்க! எடுத்தா வெளிக் காத்தை இழுத்துக்கும்.'' நிப்பிளை இறுக்கினார். ''இப்ப விடுங்க. மறுபடி...''

மாஸ்டர் சிலிண்டருக்கு எது ரொம்ப தூரமோ, அந்தச் சக்கரத்தில் ஆரம்பித்தார். நம் ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம். ஆகவே இடது பின் சக்கரம். நடுநடுவே டப்பாவில் ஆயில் இறங்கிவிடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தார். பழைய ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. நாலு சக்கரத்திலும் அது தேன் நிறமாக மாறும்வரை விடவில்லை.

அரை மணி நேரம். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஆனால் கடைசித் தடவை மிதித்தபோது, பெடல் பாதி வழியில் கல் மாதிரி நின்றது. 'இதற்கு மேல் கிடையாது' என்று சொல்கிற மாதிரி. இருபது வருஷமாக ஓட்டிய வண்டியின் பெடல் எப்படி இருக்கவேண்டும் என்பதே அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிற எதையும் நாம் 'இதுதான் வழக்கம்' என்று பழகிக்கொள்கிறோம், பிரேக் உட்பட.

காலித் தெருவில் ஓட்டிப் பார்த்தோம். இருபதில், முப்பதில், நாற்பதில். நேராக நின்றது. மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டோம். ஒரு அங்குலம் நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கும் அதே பின் ஷூக்களைத்தான் இழுக்கிறது. போன மாதம் மேம்பாலத்தில் வண்டி பின்னால் நழுவியபோது 'கேபிள் லூஸ்' என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது.

சிலிண்டர் இரண்டு 900, ஷூ செட் 800, ஆயில் 250, கூலி 900. ஆக 2,850 ரூபாய். பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார் பாய்.

''இது எதுக்கு பாய்?''

''வாங்கறவருக்குக் காட்டுங்க. எது செஞ்சோம்னு தெரியணும்ல.''

*

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தம்பி வந்தார். கூடவே மனைவி, குழந்தை, செங்கல்பட்டு மாமனார்.

நான் ஒப்புவித்தேன். வியாழக்கிழமை பார்த்தது, வெள்ளிக்கிழமை செய்தது, 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று தெரியாமல் சொன்னது, எல்லாம். பையைத் திறந்து பழைய சிலிண்டரைக் கையில் கொடுத்து, ''சுண்டு விரலை விட்டுப் பாருங்க'' என்றேன். பாயின் சிஷ்யன் ஆகிவிட்ட பெருமிதம்.

தம்பியின் கண்ணில் நன்றி தெரிந்தது. மாமனாரின் கண்ணில் வேறு ஒன்று தெரிந்தது.

''அப்ப வண்டியில ரிப்பேர் இருந்திருக்கு'' என்றார்.

''இருந்தது. சரி பண்ணியாச்சு.''

''இன்னும் என்னென்ன இருக்கோ?''

''எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லீங்க.''

''பிரேக்கும் நல்லா இருக்குன்னுதானே உங்களுக்குத் தெரிஞ்சுது?''

மடக்கிவிட்டார். சட்டம் படித்திருப்பார் போலிருக்கிறது. கடைசியில் 2,000 ரூபாய் குறைத்துக்கொண்டேன். மாடி வீட்டு நண்பர் பால்கனியில் நின்று இந்தக் காட்சியை காபியோடு ரசித்தார். உண்மை சொன்னதற்கு எனக்கு மொத்தச் செலவு 4,850 ரூபாய். பொய்க்கு 150 ரூபாயில் முடிந்திருக்கும். அவர் இன்றைக்கும் லிஃப்ட்டில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

ஆனால் ஒன்று. குழந்தை பின்சீட்டில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டியது. தம்பி வண்டியை எடுத்தார். கேட் அருகே வாட்ச்மேன் குறுக்கே வர, பிரேக் போட்டார். வண்டி சட்டென்று, நேராக, சத்தமில்லாமல் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அதை அன்று நான் பார்க்கிற மாதிரி அதற்கு முன்னால் ஒருநாளும் பார்த்ததில்லை. சொந்த வண்டியின் பிரேக் லைட்டை யார் பார்த்திருக்கிறார்கள்?

திங்கட்கிழமை கேண்டீனில் தம்பி எதிரே வந்து உட்கார்ந்தார். ''நேத்து செங்கல்பட்டு போயிட்டு வந்தோம் சார். பிரேக் சூப்பர்'' என்றார். எனக்கு இட்லி இறங்கியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடிந்தது. அதற்கு 4,850 அதிகமா, குறைவா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. விட்டுவிட்டேன்.

அன்று மாலை ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று வாரத் திட்டுக்குப் பிராயச்சித்தம். மணி நாலு பிஸ்கெட் சாப்பிட்டது. மன்னித்துவிட்டதென்று நினைத்தேன்.

மறுநாள் காலை இறங்கி வந்தால், காலியாக இருந்த என் ஸ்லாட்டில், புதிதாக எழுதியிருந்த '2'-ன் மேலேயே ஒரு ஈரம்.

இந்த முறை விரலால் தொட்டுப் பார்க்கவில்லை.